எஃகு எவ்வளவு பாக்கி?

பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்குகின்றன. காது உடைந்த பித்தளைப் பாத்திரம், திரி இல்லாத ஹரிகேன் விளக்கு, எந்தக் காலத்துக் கல்யாணத்துக்கோ வாங்கிய டிரங்குப் பெட்டி... இவற்றுக்கு நடுவே சில வீடுகளில் ஒரு மரக்கட்டையும் இறங்கும். ஒரு முழ நீளம். நடுவில் ஒரு துவாரம். துவாரத்தில் துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மர ஆப்பு. தாத்தா தச்சு வேலை செய்த வீடு என்றால் அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இழைப்புளி!

அதன் கதி என்ன ஆகிறது? கட்டை வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. இரும்பு, பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. தராசில் போட்டால் கால் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். கடைக்காரர் கொடுக்கும் காசில் ஒரு கப் காப்பி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்படி எடைக்குப் போன துண்டில், இன்னும் ஒரு தலைமுறைக்கு மரம் இழைக்கக்கூடிய எஃகு இருந்திருக்கலாம். ஒரு குன்றிமணி எஃகுகூட மிச்சமில்லாமலும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் வெளித் தோற்றம் ஒன்றுதான். துரு இரண்டையும் ஒரே மாதிரி மூடியிருக்கும். எது பொக்கிஷம், எது வெறும் இரும்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல ஒரு சின்ன வித்தை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஓர் அரமும், ஒரு துண்டு உப்புத் தாளும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

இரண்டு உலோகம், ஒரு பிளேடு

பிளேடு என்றதும் முகச் சவரம் ஞாபகம் வர வேண்டாம். பழைய மர இழைப்புளியின் பிளேடு கையில் எடுத்தால் கனக்கும். சுமார் ஏழு அங்குல நீளம், இரண்டு முதல் இரண்டரை அங்குல அகலம். இதைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். வெட்டும் முனையில் கனம் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். கீழே 5 மில்லிமீட்டர் என்றால் மேலே 3 இருக்கும்.

இது கொல்லன் கை தவறிச் செய்த கோணல் அல்ல. மரத்தை இழைக்கும்போது மரமும் சும்மா இருப்பதில்லை. பிளேடை மேல் நோக்கித் தள்ளுகிறது. கனமான முனை கீழே இருப்பதால், பிளேடு மேலே தள்ளப்படும்போது ஆப்புக்கும் கட்டைக்கும் இடையில் இன்னும் இறுகுகிறது. வேலை செய்யச் செய்யப் பிடி கூடுகிறது. ஸ்குரூ வேண்டாம், நெம்புகோல் வேண்டாம். ஒரு மர ஆப்பை வைத்துக்கொண்டே வேலை நடக்கிறது என்றால் அதன் ரகசியம் இந்தச் சரிவுதான்.

இரும்பு இழைப்புளியின் பிளேடு வேறு ஜாதி. அமெரிக்காவில் லெனார்டு பெய்லி என்பவர் அமைத்த இரும்பு இழைப்புளிகளை 1869-ல் ஸ்டான்லி கம்பெனி வாங்கிக்கொண்டு உலகமெங்கும் பரப்பிற்று. அவற்றின் பிளேடு மெல்லியது. சுமார் 2 மில்லிமீட்டர்தான். மேலும் கீழும் ஒரே கனம். ஆகவே, பழைய இரும்புக் குவியலில் கை விட்டதும் முதலில் செய்ய வேண்டியது, கனத்தைத் தடவிப் பார்ப்பது. முனை பெருத்து, தலை சிறுத்திருந்தால் அது மர இழைப்புளியின் சொத்து.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்தப் பிளேடு முழுவதும் எஃகு என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு தேனிரும்பு, மெத்தென்றது, மலிவானது. வெட்டும் முனையில், தட்டையான பக்கத்தில் மட்டும், இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். வேஷ்டிக்குச் சரிகைக் கரை போட்ட மாதிரி!

ஏன் இந்தச் சிக்கனம்? எஃகு அந்த நாளில் விலை உயர்ந்த சரக்கு. தவிர, முழுவதும் கடின எஃகாக இருந்தால் சாணை பிடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அடி பட்டால் உடைந்தும் போகலாம். மெத்தென்ற இரும்பு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது; எஃகு வெட்டுகிறது. நல்ல தம்பதி போல ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு தடவை சாணை பிடிக்கும்போதும் அந்த எஃகில் கொஞ்சம் தேய்கிறது. பாங்கியில் போட்ட பணத்தை எடுத்துச் செலவழிப்பது போலத்தான். திரும்பப் போடுவதற்கு வழியில்லை. கடைசி எஃகும் தேய்ந்த பிறகு மிச்சமிருப்பது இரும்புத் தகடு; அது வெண்ணெயை வெட்டும், தேக்கை வெட்டாது. ஆகவே பழைய பிளேடை எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எஃகு எவ்வளவு பாக்கி?

கடிகாரக்காரர் காய்ச்சிய எஃகு

பழைய பிளேடுகள் பலவற்றில் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற எழுத்துக்கள் பொறித்திருக்கும். இதைப் படித்துவிட்டு, "அட, வார்ப்பிரும்பு! தட்டினால் உடையும்" என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பாவம், தங்கத்தைப் பித்தளை என்று விட்டவர்கள்!

இங்கிலாந்தில் டான்காஸ்டர் என்ற ஊரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். 1704-ல் பிறந்தவர். கடிகாரத்துக்கு வேண்டிய வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லையே என்பது அவருடைய கவலை. அந்த நாளில் எஃகு செய்யும் முறை என்னவென்றால், இரும்புக் கம்பிகளைக் கரித்தூளோடு பெட்டியில் அடைத்து நாள் கணக்கில் சுடுவார்கள். கரி மெல்ல மெல்ல இரும்புக்குள் ஏறும். மேலே அதிகம் ஏறும், உள்ளே குறைவாக ஏறும். ஒரே கம்பியில் ஓரிடம் கடினம், ஓரிடம் மெத்து. கடிகார வில் எப்படி ஒழுங்காக வரும்?

ஹன்ட்ஸ்மன் அந்த எஃகைத் துண்டு துண்டாக்கி, மண் மூசையில் போட்டு, கடும் உஷ்ணத்தில் முழுவதும் உருக்கினார். உருகிக் கலந்தபின் எல்லா இடமும் ஒரே குணமாகிவிட்டது. 1740-களில் ஷெபீல்ட் நகரத்துக்குப் பக்கத்தில் குடியேறி, இந்த முறையை அவர் வெற்றியாக்கினார். மூசையில் உருக்கி வார்த்த எஃகு. அதனால்தான் 'காஸ்ட் ஸ்டீல்'.

ஷெபீல்ட் கத்திக்காரர்களோ முதலில் முகத்தைச் சுளித்தார்கள். "இது ரொம்பக் கடினம், எங்களுக்கு வேண்டாம்" என்பது அவர்கள் கட்சி. ஹன்ட்ஸ்மன் தம் சரக்கைப் பிரான்சுக்கு விற்றார். அந்த எஃகில் செய்த பிரெஞ்சுக் கத்திகள் நன்றாக விலைபோனதும் உள்ளூர்க்காரர்களுக்குக் கண் திறந்தது. ரகசியத்தைத் தெரிந்துகொள்ள, வாக்கர் என்ற போட்டிக்காரர் ஒரு குளிர் இரவில் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து, உலையின் பக்கத்தில் படுத்துக்கொள்ள இடம் கேட்டு, தூங்குவது போல் பாசாங்கு செய்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கதை. நிஜமோ, கட்டுக்கதையோ, ஷெபீல்ட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

அந்த எஃகுக்குப் பின்னால் இருந்த மனித உழைப்பு மட்டும் கட்டுக்கதை அல்ல. மூசைக்கு வேண்டிய களிமண்ணை ஆட்கள் வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பதமாக்கினார்கள். உருகிய எஃகு நிறைந்த மூசையை உலையிலிருந்து கிடுக்கியால் தூக்குகிறவர், கால் வெந்துபோகாமல் இருக்க ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பார். உஷ்ணம் சுமார் 1600 டிகிரி. அப்படிப்பட்ட உலை ஒன்று ஷெபீல்ட்டின் அபேடேல் என்ற இடத்தில் காட்சிசாலையாகப் பாதுகாக்கப்படுகிறது.

மூசையில் உருக்குவது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழ்வாராய்ச்சியில் பழங்கால இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. 'உருக்கு' என்ற நம் சொல்லே உருக்கியதால் வந்தது. தென்னிந்திய எஃகின் குணத்தைக் கண்டுபிடிக்க 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் பாரடே போன்ற விஞ்ஞானியே சோதனை செய்தார். ஹன்ட்ஸ்மன் இங்கிருந்து கற்றார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஒரே உண்மையை இரண்டு தேசத்துக் கொல்லர்கள் தனித்தனியே கண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முத்திரை சொல்லும் ஜாதகம்

பிளேடின் தலைப் பக்கத்தில் முத்திரை இருக்கும். துருவினால் எழுத்து மங்கியிருந்தால், குழந்தைகள் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அந்த விளையாட்டை விளையாடுங்கள். எழுத்து காகிதத்தில் எழும்.

ஷெபீல்ட் என்ற ஊர்ப் பெயர் இருந்தால் பெரும்பாலும் நல்ல சகுனம். வில்லியம் மார்பிள்ஸ், வார்டு அண்டு பெய்ன், சோர்பி ஆகிய பெயர்கள் அந்த ஊரின் புகழ் பெற்ற பட்டறைகள். மார்பிள்ஸின் அடையாளம் மூவிலை. ராபர்ட் சோர்பியின் அடையாளம் கங்காரு. மத்தீசன் என்றிருந்தால் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சரக்கு.

வயதை ஊகிக்க ஒரு குறிப்பு. அமெரிக்காவுக்கு வரும் அந்நியச் சாமான்களில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. அதனால் 'இங்கிலாந்து' என்று பொறித்த பிளேடு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பெயர் இல்லாவிட்டால் முந்தியது என்று சத்தியம் செய்யவும் முடியாது. எல்லாச் சரக்கும் அமெரிக்காவுக்குப் போகவில்லை அல்லவா?

முத்திரையே இல்லையா? கவலை வேண்டாம். ஜாதகம் இல்லாத பிள்ளைகளும் நன்றாகப் பிழைக்கிறார்கள். பரீட்சை வைத்துப் பார்த்தால் போயிற்று.

மூன்று பரீட்சைகள்

முதலாவது, கோடு பார்ப்பது. வெட்டும் முனையின் சரிவை உப்புத் தாளால் பளபளவென்று தேயுங்கள். இரண்டு உலோகமானால், நடுவில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு ஒரு பக்கம் மங்கலான சாம்பல் நிறம், அது இரும்பு. மறு பக்கம் கண்ணாடி போல் பிரகாசிக்கும், அது எஃகு. பிறகு தட்டைப் பக்கத்தையும் தேய்த்துப் பாருங்கள். எஃகுப் பட்டை முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு தென்படலாம். முனையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரம்தான் உங்கள் பாங்கிக் கையிருப்பு.

இரண்டாவது, அரம். தட்டைப் பக்கத்தின் ஓரத்தில், முனைக்கு அருகே, ஒரு பழைய அரத்தை லேசாக இழுங்கள். நன்றாகத் தோய்ச்சல் பெற்ற எஃகானால் அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கும். தலைப் பக்கத்தில் இழுத்தால் வெடுக்கென்று கடிக்கும். வழுக்கல் நின்று கடி தொடங்குகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொல்லர் முனையை மட்டுமே தோய்த்திருப்பார். எஃகு அதற்கு மேலே நீண்டிருந்தாலும் கடினம் அதுவரைதான். முனையிலேயே அரம் கடித்தால், எஃகு தீர்ந்துவிட்டது, அல்லது எப்போதோ நெருப்பில் பட்டுப் பதம் இழந்துவிட்டது.

மூன்றாவது, துரு எங்கே என்று பார்ப்பது. தலையில் துருவா? இருந்துவிட்டுப் போகட்டும். சரிவில் துருவா? சாணையில் போய்விடும். ஆனால் தட்டைப் பக்கத்தில், முனையை ஒட்டி, அம்மைத் தழும்பு போல் ஆழமான குழிகள் இருந்தால் ஜாக்கிரதை! வெட்டுமுனை என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கிற கோடு. ஒரு பரப்பில் குழி இருந்தால் கோட்டில் பல் விழும். இழைத்த பலகையில் கோடு கோடாக மரம் நிற்கும். குழி அரை அங்குலத்துக்குள் முடிந்தால், அதுவரை தேய்த்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை உபயோகிக்கலாம். நெடுக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. குறையென்று தோன்றுவதெல்லாம் குறை அல்ல. வெட்டுமுனை நேராக இல்லாமல் பிறை போல் வளைந்திருந்தால், அது முரட்டு இழைப்புக்கென்று வேண்டுமென்றே வளைத்தது. தட்டைப் பக்கத்தில் நெருக்கமாக, சீப்புப் பல் போல நேர்க்கோடுகள் ஓடினால், அது மெல்லிய மரத்தகடு ஒட்டுவதற்கு முன் பலகையைச் சொரசொரப்பாக்கும் பிளேடு. குறுகலாக, முனை வில்லாகவும் பூவாகவும் வெட்டியிருந்தால், சித்திர வேலை இழைப்புளியைச் சேர்ந்தது. அதை அதன் கட்டையிலிருந்து பிரித்தால் இரண்டும் அநாதைகள்.

துருவை உரிப்பது

தேர்ந்தெடுத்தாயிற்று. முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுக்கைத் துடையுங்கள். பிறகு வினிகரில் ஓர் இரவு ஊறட்டும். பித்தளைச் சொம்பைத் துலக்கும் புளிக்கும் இந்தக் காரியம் தெரியும். கெட்டியான புளிக் கரைசலும் துருவைத் தளர்த்தும். காலையில் எடுத்துக் கம்பி நாரால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலம்பி, உடனே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இரண்டு மூன்று நாள் மறந்து ஊறவிட்டால் துருவோடு எஃகையும் புளிப்பு தின்றுவிடும்.

தலைப் பக்கம் சுத்தியல் அடி வாங்கி வாங்கிக் காளான் போல் விரிந்திருக்கும். அந்த விளிம்பை அரத்தால் நீக்கிவிடுங்கள். தட்டும்போது சிதறிக் கண்ணில் விழக்கூடிய வஸ்து அது.

நீலம் கண்டால் நில்!

இப்போது கூர் தீட்டும் படலம். தடித்த கண்ணாடியின் மேல் உப்புத் தாளை ஒட்டி, பிளேடின் தட்டைப் பக்கத்தைத் தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுத் தாள், பிறகு படிப்படியாக நயமான தாள். முழுப் பிளேடையும் மினுக்க வேண்டியதில்லை. முனையை ஒட்டிய ஓர் அங்குலம் சமதளமாகிப் பிரகாசித்தால் போதும்.

சரிவுக்கு எத்தனை டிகிரி? 25 முதல் 30 என்பது வழக்கம். கோணமானி வேண்டாம், ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. பிளேடின் கனத்தைப் போல இரண்டு மடங்கு சரிவின் நீளம் இருந்தால் கோணம் சரியாக 30. கனம் 5 மில்லிமீட்டரா? சரிவு 10 மில்லிமீட்டர் வைக்கவும்.

மின்சாரச் சாணைச் சக்கரத்தில்தான் பெரும்பாலான பழைய பிளேடுகள் உயிரை விடுகின்றன. தீப்பொறி பறப்பதைப் பார்க்கப் பார்க்க உற்சாகம். இன்னும் கொஞ்சம் அழுத்துவோம் என்று தோன்றும். திடீரென்று முனையில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு மயில் கழுத்து நீலம்! அந்த நீலம் அழகுதான். ஆனால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது, கடினம் போய்விட்டது என்பதற்கு அது அத்தாட்சி. நூறு வருஷம் காத்த எஃகைக் கெடுக்க ஐந்து விநாடி போதும். ஆகவே, இரண்டு விநாடிக்கு ஒரு தரம் தண்ணீரில் முக்குங்கள். விரலால் தொட முடியாத சூடு என்றால் ஏற்கனவே அதிகம். நேரம் இருப்பவர்கள் சக்கரத்தையே விட்டுவிட்டுக் கல்லில் கையால் தீட்டுவது உத்தமம்.

நீலம் பட்டுவிட்டால்? நீலமான பகுதியை நிதானமாகத் தேய்த்துத் தள்ள வேண்டும். அவ்வளவு எஃகு நஷ்டம். அல்லது அனுபவமுள்ள கொல்லரிடம் கொடுத்து மறுபடி தோய்ச்சல் வைக்கலாம். காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு இளம் வைக்கோல் நிறம் வரும்வரை மட்டும் மெல்லச் சூடு காட்டுவது அந்த வேலை. இரண்டு உலோகம் ஒட்டிய பிளேடு அப்போது கோணிக்கொள்வதும் உண்டு. ஆகையால் அது கடைசி வைத்தியம்.

கட்டைக்கு ஏற்ற பிளேடு

கூரான பிளேடு கிடைத்தது. கட்டையில் பொருத்த வேண்டுமே. அகலத்தில் கொஞ்சம் இடைவெளி அவசியம். மரம் வயதாக ஆகக் குறுக்குவாட்டில் சுருங்கும், இரும்பு சுருங்காது. பிளேடு இறுக்கமாக உட்கார்ந்தால், ஒரு கோடைக்காலத்தில் கட்டையின் கன்னம் பிளந்துகொள்ளும். இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விட்டால் நல்லது.

கனத்திலும் விஷயம் இருக்கிறது. பிளேடின் முனைதான் அதிகக் கனம் என்றோம். தேயத் தேய முனையின் கனம் குறைந்து, கட்டையின் அடியில் பிளேடுக்கு முன்னால் உள்ள வாய் அகன்றுபோகும். வாய் அகன்றால் மரம் பிய்யும். "இந்த இழைப்புளி கிழமாகிவிட்டது" என்று ஒதுக்கிய கட்டையில், எஃகு அதிகம் பாக்கியுள்ள கனமான பிளேடைச் செருகினால் வாய் தானாகச் சுருங்கிக் கட்டைக்கு இளமை திரும்புகிறது. கனம் அதிகமாகி வாய் அடைத்தால் மட்டும் வாயின் முன்விளிம்பை அரத்தால் ஒரு மயிரிழை திறக்கலாம்.

மெல்லிய ஸ்டான்லி பிளேடை மரக் கட்டையில் செருகிவிட்டு, "நிற்கவில்லையே, நடுங்குகிறதே" என்று வருந்துகிறவர்கள், முதலில் சொன்ன சரிவை நினைத்துக்கொள்ள வேண்டும். சரிவில்லாத பிளேடை ஆப்பு நம்புவதில்லை.

நீண்ட துளை உள்ள பிளேடானால் அதன் மேல் இன்னொரு தகடு ஸ்குரூவால் இணைந்திருக்கும். சீவலை மடக்கி, மரம் பிய்யாமல் காப்பது இதன் வேலை. இதன் விளிம்பு பிளேடோடு வெளிச்சம் புகாமல் ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் சீவல் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். நயமான இழைப்புக்கு வெட்டுமுனையிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் கச்சிதம். மேல் தகடு ஒரு கம்பெனி, பிளேடு வேறு கம்பெனி என்றாலும் பரவாயில்லை, பொருந்தினால் சரி.

பிறகு ஆப்பை இறுக்கி, பிளேடின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் முனை இறங்கும். கட்டையின் பின்புறத்தில் தட்டினால் ஏறும். ஒரு பலகையின் மேல் ஓட்டுங்கள். வெங்காயத் தோல் போன்ற சீவல், சர்ரென்ற சத்தத்தோடு சுருண்டு எழுந்தால் பிளேடு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

பிழைக்காத பிளேடுகளையும் உடனே எடைக்குப் போட வேண்டாம். அவற்றின் மேல் தகடும் ஸ்குரூவும் வேறொன்றுக்கு உதவும். மிச்சமுள்ள தேனிரும்பு, மேஜையில் காய்ந்த பசையைச் சுரண்டவாவது ஆகும். எஃகு தீர்ந்த பிளேடு என்பது, ஒரு தச்சர் தம் கையால் கடைசிக் காசு வரை செலவழித்த கணக்கு. அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. எஃகு நிறைய இருக்கும்போதே தராசில் ஏறுகிறதே, அதுதான் நஷ்டம்.

அடுத்த முறை பரணிலிருந்து அந்தக் கட்டை இறங்கினால், ஆப்பைத் தட்டி எடுத்து, பிளேடின் முனையோரத்தில் அரத்தை ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்குகிறதா? கடைக்காரரிடம் விலை பேச வேண்டாம்.